வெளியில் நிற்கும் கேஸ் கிரில்லுக்குக் கவர்: அளவெடுப்பதிலிருந்து மறுபடி பற்றவைப்பது வரை

செங்கோட்டை, புளியரை, குற்றாலம் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் விடுதிகளிலும் கேஸ் கிரில் வாங்கி வெளியே நிறுத்துகிறவர்கள் வழக்கமாக ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு சீசன் முடிந்து கவரை எடுத்தால் அடித்தட்டு துரு, கம்பியெல்லாம் பூஞ்சணம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டால், "மூடித்தானே அண்ணாச்சி வச்சிருந்தேன்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஈரத்தோடு மூடியிருப்பார், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துச் சாரல் மேலிருந்து கொட்டும் மழை இல்லை. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு பக்கவாட்டில் பொடியாக வந்து, கவருக்கு அடியிலும் புகுந்துவிடும். வெயில் எட்டிப் பார்க்காத நாட்களில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அதனால் கவர் போடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கேஸை நிறுத்துவது, சுத்தம் செய்வது, ஆறவிடுவது, காயவைப்பது எல்லாம் அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

இஞ்ச் டேப், கம்பி பிரஷ், பாட்டில் கழுவும் ஒல்லியான பிரஷ், இரண்டு மூன்று பழைய பருத்தித் துணி, பாத்திரம் கழுவும் சோப்பு, டார்ச், ஒரு நீளக் குச்சி. குச்சி எதற்கு என்பது 9-இல் வருகிறது.

கவர் இந்தப் பட்டியலில் இல்லை. கிரில்லை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் கவர் வாங்கினால் பாதிப் பேருக்கு அது பொருந்துவதில்லை.

2. நிறுத்தும் இடத்தை முடிவு செய்யுங்கள்

தென்னை மரத்தடி வேண்டாம். மட்டை விழுந்தால் எந்தக் கவரும் தாங்காது, காய் விழுந்தால் மூடியே நசுங்கும்.

மண் தரையும் வேண்டாம். செம்மண் தெறித்து அடிப்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சிமெண்ட் தளமோ நாலு கடப்பாக் கல்லோ போட்டு, சக்கரங்களைப் பூட்டி நிறுத்துங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வரும். அந்த மாதங்களில் கிரில்லின் முதுகு மேற்கே பார்க்க, சுவரை ஒட்டாமல் ஒன்றரை அடியாவது தள்ளி நிற்கட்டும். காற்று முதுகில் மோதிவிட்டுப் போகும், முன்பக்கம் குமிழ்களும் பர்னர் வாயும் தப்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து வரும்போது திருப்பிவிடுங்கள். சக்கரம் இருப்பது இதற்குத்தான். இது நிறுத்தி வைக்கும்போது மட்டும். சமைக்கும்போது முதுகில் காற்று அடித்தால் சூடு குமிழ்ப் பக்கம் தள்ளப்படும், அப்போது பக்கவாட்டில் காற்று வரும்படி திருப்பிக்கொள்ள வேண்டும்.

தகரக் கொட்டகை இருந்தால் கீழே நிறுத்தி வைக்கலாம், நல்லதுதான். பற்றவைக்கும்போது வெளியே இழுத்துவிட வேண்டும்.

3. அளவெடுங்கள்

"மூணு பர்னர் கவர்", "நாலு பர்னர் கவர்" என்று போட்டு விற்பதை நம்ப வேண்டாம். ஒரே மூன்று பர்னர் கிரில்லில் பக்கத் தட்டு மடங்குவதும் உண்டு, மடங்காததும் உண்டு. இரண்டுக்கும் அகலத்தில் இரண்டடி வித்தியாசம் வந்துவிடும்.

மூடியை மூடிவிட்டு மூன்று அளவு எடுங்கள். அகலம்: இடது தட்டின் ஓரத்திலிருந்து வலது தட்டின் ஓரம் வரை. நிறுத்தும்போது தட்டை மடக்கித்தான் வைப்பீர்கள் என்றால் மடக்கிய அளவு. ஆழம்: முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியிலிருந்து பின்பக்கம் வரை. கைப்பிடியை விட்டுவிட்டு அளப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உயரம்: மூடியின் உச்சியிலிருந்து தரைக்கு 3, 4 அங்குலம் மேலே வரை.

அகலத்துக்கும் ஆழத்துக்கும் 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கூட்டினால் தொளதொளவென்று நின்று மேலே குளம் கட்டும், காற்றில் அடித்துக்கொண்டு இரும்பைத் தேய்க்கும். கூட்டாமல் விட்டால் மாட்டி இழுக்கும்போது முனைத் தையல் பிரியும்.

உயரத்தில் 4 அங்குலம் ஏன் விடுகிறோம்? தரை வரை தொங்கினால் துணி ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், காற்றும் உள்ளே போகாது. இருட்டாக, மறைவாக, எண்ணெய் வாடையோடு இருக்கும் இடத்தை எலி விடுமா?

4. துணியைத் தேர்ந்தெடுங்கள்

நான்கைந்து வகை கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் எல்லோரும் கை வைப்பது பழைய பிளக்ஸ் பேனரில். செலவில்லை, தண்ணீர் இறங்காது, சரி. ஆனால் வெயிலில் மொடமொடவென்று ஆகி மடிப்பில் வெடிக்கும், உள்ளே ஈரத்தை அப்படியே அடைத்து வைக்கும். யாரோ ஒரு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கிரில்லைத் துருப்பிடிக்க வைப்பார்.

அடுத்து தார்ப்பாய், நம் வழக்கில் சில்பாலின். ஒரு வார அவசரத்துக்குப் போதும். 90 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) போன்ற மெல்லிய ரகம் காற்றில் படபடத்துக் கிழியும், 200-க்கு மேல் போனால் நிற்கும். ஆனால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டித்தான் தீர வேண்டும். இறுக்கினால் காற்றோட்டம் போய்விடுகிறது. வருடக் கணக்கில் போட்டு வைப்பதற்கு இது ஆகாது.

ரெக்சின், வினைல் கவர்கள் கடையில் பார்க்கக் கனமாக, நன்றாக இருக்கும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போன்ற லைனிங் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பஞ்சு சாரலை உறிஞ்சி, இரும்பின் மேலேயே ஈரத்துணியை ஒட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். வெயில் ஊர்களில் லைனிங் பரவாயில்லை, கீறல் விழாமல் காக்கும். நம் பக்கத்துக்குச் சரிப்படாது.

லாரிக்குப் போடும் கான்வாஸ் காற்றை ஓரளவு விடும். ஆனால் நனைந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும், பருத்தி என்பதால் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும்.

நான் சொல்வது உள்பக்கம் பூச்சு கொடுத்த 600 டெனியர் பாலியஸ்டர். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் தடிமன். 300 டெனியர் காற்று அடிக்கும் இடத்தில் முனைகளில் ஓட்டை விழும். 600 தாங்கும், ஒரு ஆளே மாட்டிக் கழற்றவும் முடியும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. துணியைக் குழிவாகப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். அடிப்பக்கம் கை வைத்தால் உலர்ந்திருக்க வேண்டும். தையல் இருக்கும் இடத்திலும் ஊற்றிப் பாருங்கள், ஒழுகுவது பெரும்பாலும் ஊசி போன துளையில்தான். ஆன்லைனில் வாங்கினால் வந்தவுடன் இதைச் செய்யுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கமும் மேல்பாதியில், மேலே ஒரு மடிப்பு குடை போல மூடிய துளை. உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியேற இது ஒன்றுதான் வழி. துளை இல்லாத கவர் எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம். துளைக்கு உள்ளே வலை இல்லையென்றால் குளவி கூடு கட்டும், வலை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும் வாருக்கு வெல்க்ரோ மட்டும் இருந்தால் போதாது. குற்றாலம் பக்கம் குரங்கு அதை ஒரு இழுப்பில் பிரித்துவிடும், எண்ணெய்த் தட்டை நக்கத்தான் வருகிறது. பிளாஸ்டிக் பக்கிள் போட்ட வாராக இருந்தால் கொஞ்சம் திணறும்.

நிறம்: கறுப்போ அடர் சாம்பலோ. வெயில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் சீக்கிரம் காயும்.

5. தைக்கக் கொடுப்பதானால்

கடையில் உங்கள் அளவு கிடைக்காவிட்டால் தார்ப்பாய் தைக்கும் கடையிலோ, வண்டி சீட் கவர் தைக்கும் கடையிலோ கொடுக்கலாம். அவர்கள் கிரில்லைப் பார்த்திருக்க மாட்டார்கள். அளவை வாயால் சொல்லாதீர்கள். முன்னும் பக்கவாட்டும் படம் வரைந்து, எண்களைப் போட்டுக் கொடுங்கள். முடிந்தால் கைப்பேசியில் போட்டோவும்.

நான்கு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்:

பாலியஸ்டர் நூலில் தைக்க வேண்டும், பருத்தி நூல் ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போகும். தையல் உச்சியில் வராமல் பக்கவாட்டில் இறங்க வேண்டும். காற்றுத் துளைகள் இரண்டு. வளையம் அடித்தால் பித்தளை வளையம், அதுவும் ஓரத்தில் மட்டும். இரும்பு வளையம் அதுவே துருப்பிடித்துக் கிரில்லில் கோடு போடும்.

6. மூடும் முன் செய்ய வேண்டியவை

பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். விருந்து முடிந்தது, தூக்கம் வருகிறது, தூறல் வேறு. அப்படியே கவரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

*எரியவிட்டுத் தேயுங்கள்.* கடைசித் துண்டை எடுத்ததும் மூடியை மூடி, பர்னரை முழுதாக வைத்துப் 10 நிமிடம் எரியவிடுங்கள். ஒட்டியிருக்கும் மசாலா கருகி உதிரத் தயாராகும். சூடு இருக்கும்போதே கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள். நம் சமையலில் இது மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு முக்கியம். உப்பு, எலுமிச்சை, தயிர் எல்லாம் போட்டு ஊறவைத்த கோழியும் மீனும் சொட்டிய இடத்தில் ஸ்டீலில்கூடப் புள்ளிப் புள்ளியாக அரிப்பு வரும். உப்பு ஈரத்தை இழுக்கும், மேலே கவரும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

*கேஸை நிறுத்தும் வரிசை.* பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போதே முதலில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தானாக அணையும். அதற்குப் பிறகு குமிழ்களை மூடுங்கள். மாற்றிச் செய்தால் டியூப் நிறைய கேஸ் நிற்கும். குமிழ் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அது கவருக்குள் கசியும்.

*எண்ணெய்த் தட்டு.* இளஞ்சூட்டோடு இருக்கும்போது எடுத்துக் கொட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், சாரல் காலத்துக் காலையில் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். விட்டு வைத்தால் எறும்பு, எலி, மேலே சொன்ன குரங்கு.

*ஆறட்டும்.* ஒரு மணி நேரமாவது. வார்ப்பிரும்புக் கம்பி என்றால் இன்னும் கூட. மூடியின் வெளிப்பக்கம் ஆறியதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூடியைத் திறந்து கம்பிக்கு மேலே கையைக் காட்டிப் பாருங்கள். பாலியஸ்டர் உருகச் சுமார் 250 டிகிரி வேண்டும். ஆனால் அதன் உள்பக்கம் பூசும் பிவிசி பிளாஸ்டிக் 80 டிகிரிப் பக்கமே இளக ஆரம்பித்துவிடும். இளகிய பூச்சு மூடியில் ஒட்டிக்கொண்டால் இரண்டும் கெட்டது. உருகுவதோடு முடிந்தால் பரவாயில்லை, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. இன்னொன்று: கையில் தாங்கும் சூடு இருந்தால்கூட, மூடிய கவருக்குள் அது இரவில் வியர்த்து நீராக நிற்கும்.

*உலர்த்துங்கள்.* பக்கத் தட்டு, மூடியின் விளிம்பு, குமிழுக்குப் பின்னால், கால்கள் சேரும் மூலைகள் என எல்லா இடத்தையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சமைக்கும்போதே மழையில் நனைந்துவிட்டதா? அன்று இரவு மூட வேண்டாம். கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, மறுநாள் வெளியே கொண்டுவந்து ஐந்து பத்து நிமிடம் எரியவிட்டுக் காயவைத்து, ஆறிய பிறகு மூடுங்கள்.

*கம்பிக்கு எண்ணெய்.* வார்ப்பிரும்பு என்றால் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, லேசாகப் புகையும்வரை சூடேற்றி ஆறவிடுங்கள். பச்சை எண்ணெயாக விட்டால் பிசுக்காகிப் பூச்சியை இழுக்கும். ஸ்டீல் கம்பிக்கு இது தேவையில்லை.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பக்கம், குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்து மூட வேண்டும். உப்புக் காற்று படிந்த இரும்பின் மேல் கவர் போட்டால் உப்பையும் சேர்த்தே மூடி வைக்கிறீர்கள்.

7. சிலிண்டரை என்ன செய்வது

மறுநாளே சமைக்கப் போகிறீர்கள் என்றால் ரெகுலேட்டரை மூடிவிட்டு விட்டுவிடலாம். வாரக் கணக்கில் நிற்கப்போகிறது என்றால் கழற்றிவிடுங்கள். சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, நிமிர்த்தி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். பள்ளமான இடம், நிலவறை, கதவடைத்த சாமான் அறை எதுவும் வேண்டாம். கிரில் கவருக்குள் தனிச் சிலிண்டரைச் சேர்த்து மூடி வைப்பது அதைவிட மோசம்.

கழற்றிய டியூபின் நுனியைச் சிறு பிளாஸ்டிக் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். பூச்சி உள்ளே போகாது. போட்டதை மறந்துவிடாமல் இருக்கப் பளிச்சென்ற நிறத்தில் பை.

8. மாட்டுவது

பக்கத் தட்டுகள் மடங்குமானால் மடக்கிவிடுங்கள், தட்டையான இடத்தில்தான் தண்ணீர் தேங்கும். பின்பக்கத்தில் தொடங்கி மூடிக்கு மேலாக முன்னால் இழுங்கள். முன்னாலிருந்து இழுத்தால் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிழியும். கூரான முனை, நீட்டிய போல்ட் இருந்தால் பழைய துணியைச் சுற்றிவிட்டு மாட்டுங்கள்.

அடிவாரைக் கிரில் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். கவரை மட்டும் சுருக்கிக் கட்டினால் ஆடிக்காற்று அப்படியே உருவிக்கொண்டு போகும். பொள்ளாச்சி பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் தோப்புகளிலும் இதே கதைதான். ஆனால் அடிப்பக்கம் முழுக்கச் சுருக்கி மூடிவிடாதீர்கள். காற்று கீழே நுழைந்து மேல் துளையில் வெளியேற வேண்டும்.

9. சாரல் மாதங்களில்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒருமுறை, சாரல் விட்டு வெயில் தலைகாட்டும் ஒரு மணி நேரத்தில் கவரை எடுங்கள். கவரை உள்பக்கம் வெளியே வரும்படி கொடியில் போடுங்கள். கிரில் மூடியையும் திறந்து வையுங்கள். காய்ந்தால் மறுபடி மூடலாம். காயவில்லையென்றால், கொட்டகைக்கு அடியில் கவர் இல்லாமலே நிற்கட்டும். கூரைக்கு அடியில் காற்றாட நிற்கும் கிரில், ஈரக் கவருக்குள் நிற்பதைவிட நன்றாகவே இருக்கும். இதை எவ்வளவு சொன்னாலும் வீட்டுக்காரர்களுக்கு மனசு வருவதில்லை, காசு கொடுத்து வாங்கிய கவர் சும்மா கிடக்கிறதே என்பார்கள்.

நீலகிரிக் கூடலூர் போல அடைமழை பெய்யும் ஊர் என்றால் அந்த மூன்று மாதமும் வெளியில் வைக்கவே வேண்டாம். சிலிண்டரைக் கழற்றிவிட்டுக் கிரில்லை மட்டும் திண்ணைக்கோ வராண்டாவுக்கோ ஏற்றிவிடுங்கள்.

கவரை எடுக்கும்போது கையை உள்ளே விட்டுத் தூக்காதீர்கள். முதலில் குச்சியால் அடிப்பக்கத்தை விலக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் உலர்ந்த இடம் தேடிப் பூரானும் தேளும் வரும், எலி இருந்தால் பின்னாலேயே பாம்பும் வரும்.

10. மறுபடி பற்றவைப்பது

நாளாகி எடுக்கிறீர்கள் என்றால் கவரை எடுத்ததும் மூடியைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். கசிந்த கேஸ் ஏதாவது இருந்தால் கலைந்துபோகட்டும்.

பிறகு டியூப். முழு நீளத்துக்கும் கையால் தடவி, எலி கடித்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரை மாட்டி, குமிழ்கள் மூடியிருக்க ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. ரெகுலேட்டரை மூடிவிட்டுச் சரிசெய்யும்வரை பற்றவைக்க வேண்டாம். தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கூடவே கூடாது.

அப்புறம் பர்னர் குழாய். மூடி வைத்த கிரில்லில் சிலந்தி வலை கட்ட விரும்பும் இடம் அதுதான். வலை அடைத்தால் கேஸ் நேரே போகாமல் பின்வாங்கி, குமிழ்ப் பக்கம் தீ எட்டிப் பார்க்கும். ஒல்லி பிரஷை உள்ளே விட்டு இழுத்துவிடுங்கள். மூடி திறந்திருக்கும்போதுதான் பற்றவைக்க வேண்டும். தீ நீலமாக, சீராக வந்தால் சரி. மஞ்சளாகத் தாவினால் அணைத்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

11. கவரைக் கழுவுவதும் மாற்றுவதும்

சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். பூஞ்சணத்துக்கு வினிகர் கலந்த தண்ணீர். பிளீச்சிங் பவுடர் பூச்சை அரிக்கும், வாஷிங் மெஷின் உரித்துவிடும். கழுவியதை நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். காயாமல் மடித்து வைத்த கவரில் ஒரு வாரத்தில் வாடை வந்துவிடும்.

கவரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளியாக வெளிச்சம் தெரிந்தாலோ, உள்பூச்சு வெள்ளைப் பொடியாகக் கையில் ஒட்டினாலோ அதன் வேலை முடிந்தது. ஓரிரு இடத்தில் கிழிசல் என்றால் உள்பக்கமிருந்து அதே துணியில் ஒட்டுப் போட்டு ஒரு சீசன் ஓட்டலாம். பூச்சு உரிந்ததற்கு ஒட்டு கிடையாது, புதிது வாங்கத்தான் வேண்டும். பழையதை விறகுக் கட்டுக்குப் போடுங்கள், நாலு பக்கமும் காற்று போக மேலே மட்டும்.